எல்லாம் இருந்தும் சந்தோஷமாக இல்லை. மகிழ்ச்சி எதில் இருக்கிறது, அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

சம்பளம் வருகிறது, வீடு இருக்கிறது, யாரோடும் சண்டை இல்லை, ஆனாலும் சந்தோஷம் இல்லை என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்கும், சாயங்காலம் ஆனால் பேச ஆள் இருக்காது என்று நானே நினைத்துக்கொள்கிறேன். தப்பாக இருந்தால் மன்னித்துவிடுங்கள். பதினோரு வருஷம் நான் அப்படித்தான் இருந்தேன், அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

எனக்கு ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம். கணவர் குவைத்தில். அவர் அனுப்பிய பணத்தில் ரப்பர் விளைக்குள்ளே மாடி வீடு கட்டினோம். அதில் கணவரின் அம்மாவான மாமியும் நானும் மட்டும். எங்கள் பேச்சு சோறு, கறண்டு, தண்ணி மோட்டார் என்பதோடு தீர்ந்துவிடும். ராத்திரி ஒன்பதரைக்குக் கணவரின் போன் வரும், பத்து நிமிஷத்தில் முடியும். அப்புறம் அடுத்த ராத்திரி வரைக்கும் காத்திருப்பேன். "உனக்கு என்ன குறை?" என்று அம்மா வீட்டில் கேட்பார்கள். என்ன பதில் சொல்வது?

ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு மார்கழி மாதக் காலை, வீட்டுக்குப் பின்னால் பிலா மரத்தில் தேனீக் கூட்டம் ஒன்று வந்து தொங்கியது. நான் பயந்து கதவைச் சாத்தப் போனேன். மாமி விறகுப்புரைக்குள் போய், இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் திறக்காத மரப்பெட்டி ஒன்றைத் தூசி தட்டி எடுத்து வந்தார்.

எங்கள் பகுதியில் தேனீ வளர்ப்பு பழைய தொழில். 1920களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ இளைஞர் சங்கத்தின் ஊரக மையத்தில் ஸ்பென்சர் ஹேட்ச் என்ற அமெரிக்கர் ஊர்க்காரர்களுக்குப் பழக்கிவிட்டது. மாமாவிடம் எண்பது பெட்டி இருந்ததாம். 1991-ல் தாய்லாந்து சாக்புரூட் என்ற வைரஸ் நோய் வந்து, தேனீயின் குஞ்சுப் புழுக்கள் பைபோல நீர் கோத்துச் செத்தன. மாவட்டம் முழுக்கப் பெட்டிகள் காலியாயின. மாமா அதோடு விட்டுவிட்டார், ஆறு வருஷத்தில் இறந்தும் போனார். இதெல்லாம் அந்தக் காலைக்குப் பிறகுதான் எனக்குத் தெரியும். அதுவரை மாமி சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

பெட்டியைக் கொம்புக்குக் கீழே என்னைப் பிடிக்கச் சொன்னார். தண்ணீர் தெளித்துவிட்டு வெறுங்கையால் தேனீக்களை அள்ளி அள்ளி உள்ளே விட்டார். அவர் கை எட்டாத இடத்தில் என் கையை வைக்கச் சொன்னார். சூடு சோறு பொதிந்த துணியைத் தொட்டதுபோல இருந்தது. விரலிடுக்கெல்லாம் ஊர்கிறது, கை முழுக்க ஒரு அதிர்வு. "கைய எடுக்காத மக்ளே, அது ஒண்ணும் செய்யாது" என்றார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் என்னை மக்ளே என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான். அந்த அரைமணி நேரம் எனக்குக் குவைத்தும் போனும் ஞாபகமே இல்லை.

2010-ல் கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2,250 பேரிடம் அவ்வப்போது போன் வழியாக விசாரித்தார்கள்: இப்போது என்ன செய்கிறீர்கள், மனசு அதில் இருக்கிறதா, எப்படி இருக்கிறீர்கள்? விழித்திருக்கும் நேரத்தில் கிட்டத்தட்ட பாதி மனசு வேறெங்கோ அலைகிறது, அப்படி அலையும்போது சந்தோஷம் குறைகிறது என்று கண்டார்கள். படித்தபோது பிலா மரத்தடிதான் எனக்கு நினைவு வந்தது. 1938-ல் தொடங்கி இன்னும் நடக்கும் அமெரிக்க ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வும் காசு, பேர் இவற்றைவிட நெருங்கிய உறவுதான் மனிதரை நன்றாக வைத்திருக்கிறது என்கிறது. எனக்கு உறவு என்றால் குவைத்தில் இருப்பவர் மட்டும்தான் என்றிருந்தேன். ஒரே பெட்டியைத் திறந்து பக்கத்தில் நிற்கிறவரும் உறவுதான் என்று தேனீ வந்துதான் தெரிந்தது.

மாமியாரோடு அனுசரித்துப் போ என்று பெண்களுக்குப் பாடம் எடுக்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம். அடிக்கிற, நகையைப் பிடுங்குகிற வீட்டில் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது. குவைத் பணம் இருப்பதால் பேசுகிறாய் என்றும் சொல்வீர்கள். வீட்டுக் கடன் இருந்தவரை எங்களுக்குத் தூக்கம் இல்லை, அது தீர்ந்த அன்று வந்த நிம்மதி பொய்யும் இல்லை. ஆனால் மூன்று மாதத்தில் அது பழகிப்போய்விட்டது. உங்களுக்குத் தூக்கம் வரவில்லை, எதிலும் பிடிப்பே இல்லை என்றால் முதலில் டாக்டரைப் பாருங்கள், தேனீ அப்புறம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மனசு ஆறவில்லை. திற்பரப்பு அருவிக்கு வருகிறவர்கள் எங்கள் தேனில் தீக்குச்சி முக்கிக் கொளுத்துகிறார்கள், தண்ணீரில் சொட்டு விடுகிறார்கள். அதெல்லாம் ஒரு சோதனையே அல்ல. போன வருஷம் ஒரு கடைக்காரர், தேன் உறைந்துவிட்டது, சீனி கலந்திருக்கிறாய் என்று பத்துப் பேர் முன்னால் ஆறு பாட்டிலைத் திருப்பித் தந்தார். ரப்பர் இலை உதிர்ந்து தளிர் வரும்போது, மூன்று இலைகளும் காம்பில் சேரும் இடத்தில் ஊறும் இனிப்பைத்தான் தேனீ எடுக்கிறது. குளுக்கோஸ் கூடுதலான அந்தத் தேன் சீக்கிரம் உறையும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாட்டிலை வைத்தால் இளகிவிடும். உறைகிற தேனைக் கள்ளத்தேன் என்கிறார்களே, எவ்வளவு வருத்தமாக இருக்கிறது தெரியுமா!

இப்போது இருபத்திரண்டு பெட்டி. நல்ல வருஷத்தில் பெட்டிக்குப் பத்துக் கிலோ கிடைக்கும். ஆடி மழையில் தேன் வரத்து இல்லை, சீனிப்பாகு வைக்கிறோம். மாமிக்குக் கண் மங்கிவிட்டது. ராணி இருக்கிறதா என்று பார்க்க முட்டையைத் தேடவேண்டும், அது அவருக்குத் தெரிவதில்லை. நான் தேனடை கட்டிய மரச் சட்டத்தை வெயிலுக்கு நேராகச் சாய்ப்பேன். அறைக்கு ஒன்றாக, அடியில் நூல் துணுக்குபோல வெள்ளையாக நிற்கும்.

"முட்டை இருக்கா மக்ளே?"

"இருக்கு மாமி" என்பேன். அவர் அடுத்த பெட்டிக்கு நடப்பார்.