சொந்தக்காரரை வைத்து நடத்தும் சின்னக் கடைக்கும் எம்ப்ளோயர்ஸ் லயபிலிட்டி வேண்டுமா?

தம்பி, லண்டனில் சின்னதாக ஒரு டேக்அவே தொடங்குகிறீர்கள், மனைவியும் மச்சானும் இரண்டு பார்ட் டைம் பொடியன்களும் வேலைக்கு நிற்பார்கள், பப்ளிக் லயபிலிட்டி இன்சூரன்ஸ் எடுத்தாயிற்று, அது போதாதா என்று கேட்டிருந்தீர்கள்.

போதாது. கடைக்கு வருகிற ஆள் வழுக்கி விழுந்தால்தான் அது உதவும். குசினியில் நிற்கிற பொடியனின் கையில் கொதி எண்ணெய் பட்டு, அவன் நட்டஈடு கேட்டால் வேலையாட்களின் காயத்துக்கான எம்ப்ளோயர்ஸ் லயபிலிட்டி இன்சூரன்ஸ்தான் வேண்டும். 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி அது கட்டாயம். குறைந்தது 5 மில்லியன் பவுண்ஸுக்கு எடுக்க வேண்டும். பெரும்பாலான கம்பனிகள் 10 மில்லியனுக்குத் தருகின்றன. இல்லாமல் ஆள் வைத்திருந்தால் நாளொன்றுக்கு 2,500 பவுண்ஸ் வரை தண்டம் வரலாம்.

"குடும்பக் கடைக்குத் தேவையில்லை" என்று யாராவது சொல்லுவார்கள். அதில் பாதிதான் சரி. கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், சகோதரர் மாதிரி நெருங்கிய உறவு மட்டும் வேலை செய்தால் விலக்கு உண்டு. மச்சான், மருமகன், சித்தப்பாவின் மகன் எல்லாம் அந்தப் பட்டியலில் இல்லை. எங்கள் ஆட்கள் மாட்டுப்படுவது இந்த இடத்தில்தான். கடையை லிமிட்டெட் கம்பனியாகப் பதிந்தாலோ இந்தக் குடும்ப விலக்கே கிடையாது. மனைவி சம்பளத்துக்கு நின்றாலும் இன்சூரன்ஸ் வேண்டும். அக்கவுண்டன்ட் வரியைப் பார்த்துக் கம்பனி திறக்கச் சொல்லுவார், இதைச் சொல்ல மறந்துவிடுவார்.

பொடியன்களை செல்ஃப் எம்ப்ளோய்ட் என்று எழுதித் தப்பலாம் என்று நினைக்க வேண்டாம். நேரத்தையும் வேலையையும் நீங்கள் தீர்மானித்து, சாமான்களையும் நீங்களே கொடுத்தால், தாளில் எப்படி எழுதியிருந்தாலும் அவர்கள் உங்கள் வேலையாட்களாகவே கணக்கில் வரலாம். வாய்ச்சொல்லில் எடுத்த ஆளும் வேலையாள்தான்.

புரோக்கரிடம் கதைக்கும்போது மொத்தச் சம்பளம், ஆட்களின் எண்ணிக்கை, டீப் ஃபிரையர் இருக்கிறதா, டெலிவரி செய்கிறீர்களா என்பதையெல்லாம் உள்ளபடி சொல்லுங்கள். பிரீமியத்தைக் குறைக்க இரண்டு பேரை மறைத்தால், பிறகு கிளெய்மைக் குறைக்க இன்சூரன்ஸ் கம்பனிக்கு அதுவே பிடியாகும். சேர்டிஃபிகேட்டை வேலையாட்கள் பார்க்கிற இடத்தில் மாட்டுங்கள். கம்ப்யூட்டரில் எல்லோரும் திறந்து பார்க்க முடிந்தாலும் சரி. காட்டாவிட்டால் 1,000 பவுண்ஸ் வரை தண்டம். பழையவற்றையும் எறியாதீர்கள், வேலையால் வரும் சில நோய்கள் பல வருடம் கழித்துத்தான் தெரியவரும்.

காயம் நடந்தால் அன்றே அக்சிடன்ட் புக்கில் எழுதுங்கள்: நேரம், இடம், எப்படி நடந்தது, யார் பார்த்தது. நடந்த நாளை விட்டு, லீவு நாட்களையும் சேர்த்து, 7 நாட்களுக்கு மேல் வழமையான வேலை செய்ய முடியாவிட்டால், விபத்து நடந்து 15 நாட்களுக்குள் வேலையிடக் காயங்களை அரசுக்கு அறிவிக்கச் சொல்லும் ரிடோர் (RIDDOR) விதிப்படி ஒன்லைனில் அறிவிக்க வேண்டும். கை கால் எலும்பு முறிந்தால் நாள் எண்ணிக்கொண்டிருக்கக் கூடாது, உடனே அறிவிக்க வேண்டும். விரல் முறிவு மட்டும் இதில் சேராது. இன்சூரன்ஸ் கம்பனிக்கு இது தானாகப் போகாது, தனியாகச் சொல்ல வேண்டும். அவர்களிடம் கேட்காமல் "பிழை என்னுடையதுதான், காசு தருகிறேன்" என்று காயப்பட்டவருக்கு எழுதிக் கொடுக்க வேண்டாம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதற்கும் நலம் விசாரிப்பதற்கும் ஒரு தடையும் இல்லை.