டெல்டா ரயில்கள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: நாகப்பட்டினம் பாதை தொடக்கத்திலேயே அகலப்பாதையாக இருந்ததாமே, உண்மையா ஐயா?

பதில்: உண்மைதான். கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே 1861இல் தஞ்சாவூர் வரையிலும் 1862இல் திருச்சி வரையிலும் அமைத்தது அகலப்பாதையே. 1875இல் மீட்டர்கேஜாக (தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர் அகலம்) குறுக்கப்பட்ட அது, 1992இல் தொடங்கிய ஒரே அகலத் திட்டத்தின் கீழ் மீண்டும் அகலமானது.

கேள்வி: புதிய பாதை அமைத்தும் திருவாரூர்–காரைக்குடி ரயில் ஏன் அவ்வளவு மெதுவாக ஓடியது?

பதில்: 149 கி.மீ. நீளமுள்ள இப்பாதையில் அகலப்பாதைப் பணிக்காக மீட்டர்கேஜ் ரயில்கள் 2012இல் நிறுத்தப்பட்டன. 2019 ஜூனில் முழுத் தொலைவுக்கும் டெமு (பெட்டித் தொடரிலேயே டீசல் எஞ்சின் அமைந்த) ரயில் விடப்பட்டபோது, பல லெவல் கிராசிங்குகளுக்குக் கேட் கீப்பர்கள் நியமிக்கப்படாததால், அவர்களை ரயிலிலேயே ஏற்றிச் சென்றார்கள். ஒவ்வொரு கேட்டுக்கு முன்பும் வண்டி நிற்கும். முன்பெட்டியில் இருப்பவர் இறங்கிக் கேட்டை மூடுவார். வண்டி கடந்து மறுபடி நின்றதும், பின்பெட்டியில் இருப்பவர் இறங்கி அதைத் திறந்துவிட்டு ஓடிவந்து ஏறிக்கொள்வார். பயணம் ஏறத்தாழ ஆறு மணி நேரம் பிடித்தது. தண்டவாளத்துக்குச் செலவிட்ட அக்கறையை ஆள் நியமனத்திலும் காட்டியிருந்தால், ஏழு ஆண்டுகள் காத்திருந்த மக்கள் பேருந்துக்கே திரும்பியிருக்க மாட்டார்கள் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: சிறு நிலையங்களில் ஓரிரு வேகன்களில் சரக்கு ஏற்றும் வழக்கம் ஏன் மறைந்தது?

பதில்: வழியெங்கும் வேகன்களைக் கழற்றுவதும் கோப்பதும் நாள்களை விழுங்கியதால், 1980களிலிருந்து ரயில்வே முழு ரயில் சரக்கையே நாடியது. தஞ்சாவூரிலிருந்தும் நீடாமங்கலத்திலிருந்தும் இன்று அரவைக்கு நெல் செல்வதும் அப்படித்தான்: 42 வேகன்கள், சுமார் 2,000 டன், ஒரே ஊருக்கு. நெல் கொள்முதல் செய்யும் அரசின் நுகர்பொருள் வாணிபக் கழகத்துக்கு இது கட்டுப்படியாகும். ஐம்பது மூட்டை அனுப்ப விரும்பும் வியாபாரிக்கோ லாரியை விட்டால் வேறு வழியில்லை.

கேள்வி: அகஸ்தியம்பள்ளிக்கு ரயில் வந்துவிட்டதே, வேதாரண்யம் உப்புக்கு அதனால் பயன் உண்டா?

பதில்: 1930இல் ராஜாஜி உப்பு அள்ளிய ஊர் அது. திருத்துறைப்பூண்டியிலிருந்து 37 கி.மீ.; 2004இல் நின்ற ரயில் 2023 ஏப்ரல் 8 அன்று திரும்பியது. ஆனால் வந்தது பயணிகள் ரயில். மீட்டர்கேஜ் காலத்தில் இங்கிருந்து வேகன்களில் உப்பு சென்றது. இப்போது அது ரயிலேற வேண்டுமானால், சிறு உற்பத்தியாளர்கள் ஒன்றுசேர்ந்து முழு ரயிலை நிரப்ப வேண்டும், ரயில்வேயும் சரக்கு ஏற்றும் தளத்தையும் கிடங்கையும் அமைத்துத் தர வேண்டும்.