தமிழ்நாடு அரசு மென்பொருள் வாங்கும் முறையில் முதலில் எதை மாற்ற வேண்டும்?

ஓடுகிற மென்பொருளைப் பார்த்துவிட்டு வாங்க வேண்டும். இப்போது காகிதத்தைப் பார்த்து வாங்குகிறார்கள். அரசுத் துறைகளுக்கு டெண்டர் போடும் ஒரு சிறிய நிறுவனத்தில் பத்து வருடமாக வேலை பார்க்கிறேன். அந்த அனுபவத்தில் இருந்து சொல்கிறேன்.

டெண்டர் என்றால் பெரும்பாலும் இரண்டு கவர். முதலாவதில் நிறுவனத்தின் தகுதி, இரண்டாவதில் விலை. அந்த முதல் கவரைத் தயாரிப்பதற்குள் எங்கள் அலுவலகமே களைத்துவிடும். மூன்று வருட டர்ன்ஓவருக்கு, அதாவது ஆண்டு வியாபாரத் தொகைக்கு, ஆடிட்டர் சான்று, முத்திரைத்தாளில் உறுதிமொழி, பழைய ஒர்க் ஆர்டர் நகல்கள், ஊழியர் பட்டியல். போன முறை முந்நூறு பக்கத்தைத் தாண்டியது. பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்தும் ரப்பர் ஸ்டாம்பும் போட்டு, ஸ்கேன் எடுத்து இணையத்தில் ஏற்றினோம். எங்காவது ஸ்டாம்ப் விட்டுப்போயிருக்கிறதா என்று இரவு பதினொரு மணிக்கு இரண்டு பேர் உட்கார்ந்து புரட்டிக்கொண்டிருந்தோம். அத்தனை பக்கத்தில் நாங்கள் எழுதிய மென்பொருளின் ஒரு திரைகூட இல்லை. யாரும் கேட்கவும் இல்லை.

இதற்காக அதிகாரிகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. 1998இல் வந்த டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டமும் 2000இல் வந்த விதிகளும் வேண்டப்பட்டவருக்கு வேலையைத் தூக்கிக் கொடுப்பதைத் தடுக்க வந்தவை. அந்தத் தடுப்பு கட்டாயம் வேண்டும். 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்துக்கு மாநில அரசின் எல்காட் நிறுவனம் லட்சக்கணக்கில் மடிக்கணினி வாங்கியது. நினைவகம் இவ்வளவு, திரை இத்தனை அங்குலம் என்று எழுதிவிட்டால் அப்புறம் விலை ஒன்றுதான் வித்தியாசம். எல்1, அதாவது குறைந்த விலை கேட்டவர், அங்கே சரியான தேர்வு. மென்பொருளை அப்படி முன்கூட்டியே அளந்து எழுத முடியாது. ஆனாலும் எல்1ஐத் தாண்டி அடுத்தவரை எடுத்தால் நாளைக்குத் தணிக்கையில் பதில் சொல்ல வேண்டியவர் கையெழுத்துப் போட்ட அதிகாரி. அவர் ஏன் அந்த வம்புக்குப் போவார்?

அதன் பலனை ஒரு தாலுகா அலுவலகத்தில் பார்த்தேன். முதியோர் உதவித்தொகை விண்ணப்பம், வேறொரு நிறுவனம் செய்த மென்பொருள். கைபேசி எண் போடாமல் அடுத்த பக்கத்துக்குப் போகாது. வந்திருந்த பாட்டியிடம் கைபேசி கிடையாது. எழுத்தர் தன் சொந்த எண்ணையே போட்டார். யார் யாருக்கு அப்படிப் போட்டிருக்கிறார் என்று கீபோர்டுக்குப் பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்திருந்தார், ஓடிபி வந்தால் யாருடையது என்று தெரிய வேண்டுமே. அந்தக் கட்டாயத்தை எடுப்பது ஒரு புரோகிராமருக்கு அரை மணி நேர வேலை. ஆனால் ஒப்பந்தத்தில் இல்லாத வேலை என்பதால் அது சேஞ்ச் ரிக்வெஸ்ட். அதற்குத் தனி விலை, தனிக் கோப்பு. நான் போனபோது கோப்பு நகர ஆரம்பித்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

ஒன்றிய நிதி அமைச்சகம் 2021 அக்டோபரில், ஆலோசனை அல்லாத சேவைகளிலும், அதாவது யோசனை சொல்வதற்கு அல்லாமல் வேலையைச் செய்து தருவதற்கு வாங்கும் சேவைகளிலும், விலையோடு தரத்துக்கும் 30 சதவீதம் வரை மதிப்பெண் கொடுக்கலாம் என்று வழி திறந்தது. நல்லதுதான். ஆனால் அந்தத் தரத்தையே மறுபடி டர்ன்ஓவர், ஆள் எண்ணிக்கை இவற்றை வைத்து அளந்தால் பழைய கதைதான்.

கலிபோர்னியா மாநிலம் 2015இல் குழந்தைகள் நலத் துறை மென்பொருளுக்கு ஒரே பெரிய டெண்டர் விடத் தயாராக இருந்தது. அதை நிறுத்தி, வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்தார்கள். போட்டிக்கு வந்த நிறுவனங்களை ஒரு சிறு மாதிரியைச் செய்து காட்டச் சொன்னார்கள். அந்தத் திட்டம் அப்புறம் தடுமாறிப் பல வருடம் தள்ளிப்போனதும் உண்மை. துண்டுகளைச் சேர்த்துப் பார்க்க அரசுக்குள்ளேயே நிரல் படிக்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்பதை நான் அதிலிருந்து எடுத்துக்கொண்டேன். ஆனாலும் செய்து காட்டச் சொன்ன அந்த யோசனை அப்படியே நமக்குப் பொருந்தும்.

நம் டெண்டர் சட்டமும் இதற்குக் குறுக்கே நிற்கவில்லை. டெண்டர் ஆவணத்தில் முன்பே சொன்ன, அளக்கக்கூடிய காரணிகளுக்கு எடை கொடுத்துத்தான் குறைந்த ஒப்பந்தப்புள்ளியைத் தீர்மானிக்க வேண்டும் என்கிறது அதன் பத்தாவது பிரிவு. அப்படியானால் அளந்துவிடுவோம். டர்ன்ஓவர் நிபந்தனையைத் தளர்த்தி, தேர்வாகும் மூன்று நான்கு பேருக்கு ஒரே சிறு வேலையைக் கொடுங்கள். இரண்டு வாரம் நேரம், அதற்கு ஒரு தொகை. கடைசி நாள் அந்தத் தாலுகா அலுவலக எழுத்தரையே கணினி முன்னால் உட்கார வைத்து இருபது மாதிரி விண்ணப்பங்களைப் பதியச் சொல்லுங்கள். எத்தனை முடிந்தது, எத்தனை நிமிடம் ஆனது என்ற எண்கள் கோப்பில் ஏறட்டும். தணிக்கை வந்தால் அதிகாரி காட்டுவதற்கு ஆதாரம் இருக்கும். அந்த இருபதில் ஒன்று, கைபேசி இல்லாத பாட்டியின் விண்ணப்பமாக இருக்கட்டும்.