மாநிற முகம் பாஸ்டலில் ஏன் சேறாகிறது?

மாநிற முகங்களைச் சாஃப்ட் பாஸ்டலில், அதாவது சுண்ணக்கட்டி போன்ற மிருதுவான வண்ணக் குச்சிகளில், வரையும்போது நிறங்கள் குழம்பிச் சேறாகிவிடுகின்றன, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். காசிமேட்டில் மீன் விற்கும் என் அத்தையை முதன்முதலில் வரைந்தபோது எனக்கும் அதுவே நேர்ந்தது. நான்கு பழுப்புக் குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசி, விரலால் தேய்த்துத் தேய்த்து முடித்த படத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாடா, எம் மூஞ்சில கருவாட்டுத் தூள பூசி வச்சிக்கிற?" என்றார்.

தவறு பெரும்பாலும் விரலில்தான் இருக்கிறது. பாஸ்டல் குச்சியில் நிறமித் தூள்தான் மிகுதி, பசை மிகக் குறைவு; அந்தத் தூள் தாளின் சொரசொரப்பில் சிக்கிக்கொள்வதால்தான் படம் நிற்கிறது. தேய்க்கத் தேய்க்கப் பள்ளங்கள் நிரம்பிவிடுவதால், அடுத்து வைக்கும் நிறம் பிடிப்பதற்கு இடமின்றி அடியில் உள்ளதோடு கலந்துவிடுகிறது. அந்த நிலை வந்தால் மேலும் பூசாமல், ஈரமில்லாத முரட்டுத் தூரிகையால் தூளைத் தளர்த்தி, தாளைச் சாய்த்துத் தட்டிவிட்டு மறுபடி தொடங்குங்கள். வாயால் மட்டும் ஊதாதீர்கள். சில நிறமிகள் மூச்சுக்குள் போகக் கூடாதவை.

வெள்ளைத் தாளில் எந்தப் பழுப்பும் உள்ளதைவிடக் கருமையாகத் தோன்றும் என்பதால், மங்கிய பச்சைச் சாம்பல் போன்ற நடுத்தர நிறத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணைப் பாதி மூடி முகத்தைப் பார்த்து, இருள், இடைநிலை, வெளிச்சம் என்ற மூன்றை மட்டும் கடினமான குச்சியால் குறித்துக்கொண்டு, இருளிலிருந்து வெளிச்சத்தை நோக்கிப் போங்கள். மிக மிருதுவான குச்சிகள் கடைசியில்தான்.

இனி நிறம். மாநிறத் தோலில் வெளிச்சம் படும் இடம் வெளிர்பழுப்பாகத்தான் இருக்கும் என்று நெடுநாள் நம்பியிருந்தேன். திறந்த வானத்தின்கீழ் அமர்ந்திருந்த அத்தையின் நெற்றியை ஒரு காலையில் உற்றுப் பார்த்தபோதுதான், அங்கே மின்னியது சாம்பல்நீலம் என்பதும், விரிப்பாக இருந்த நீலத் தார்ப்பாயின் நிறம் மோவாயின் அடியில் ஏறியிருந்தது என்பதும் புரிந்தன. நிழலுக்குக் கறுப்பைத் தொடாமல், செங்காவியையும் ஆழ்ந்த ஊதாவையும் தனித்தனிக் கோடுகளாக அடுத்தடுத்து வையுங்கள். அவற்றைக் கலக்கும் வேலையைப் பார்ப்பவரின் கண் செய்துகொள்ளும். பிரெஞ்சு ஓவியர் ஷார்டன் 70 வயதைக் கடந்தபின் 1771இலும் 1775இலும் பாஸ்டலில் வரைந்த தன்னுருவப் படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள்: கன்னத்தில் கோடுகள் தேய்க்கப்படாமல் அப்படியே கிடக்கின்றன.

தூள் உதிராமல் பிடித்துவைக்கும் ஃபிக்ஸேட்டிவ் திரவத்தைத் தெளித்தால் வெளிர்நிறங்கள் மங்கும். ஆகவே மெல்லியதாக இடையில் தெளித்துவிட்டு, கடைசி ஹைலைட்டை அதன்பின் வைப்பேன். தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டுச் சுவரில், கண்ணாடி தாளைத் தொடும்படி மாட்டிய ஒரு படத்தின் கன்னத்தில் ஐப்பசி மழைக்குப் பிறகு பூஞ்சைப் புள்ளிகள் வந்துவிட்டன. அதனால் கண்ணாடிக்கும் தாளுக்கும் இடையே, படத்தைச் சுற்றி வரும்படி நடுவில் வெட்டிய மவுண்ட் அட்டை வைத்து, ஓதம் ஏறாத உட்சுவரில்தான் இப்போது மாட்டுகிறேன்.