ஒவ்வொரு வாரமும் ஒரு பாடம் கிடைக்குமா?

சகோதரி, ஜெபக்குழுவில் வாராவாரம் அன்றாட வாழ்விலிருந்து ஒரு விசுவாசப் பாடம் சொல்ல வேண்டியிருக்கிறது, எல்லாம் வலிந்து சொல்வதுபோல் தோன்றுகிறது என்று எழுதியிருந்தீர்கள். பிள்ளையின் காய்ச்சலில்கூட "கர்த்தர் என்ன சொல்கிறார்" என்று தேடிக் களைத்துப் போனதாகவும் சொன்னீர்கள்.

முதலில் அந்தக் காய்ச்சலை விட்டுவிடுங்கள். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்ததைப் பற்றிப் பேசும்போது, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் என்று நினைக்கிறீர்களா என்று இயேசுவே கேட்டு, இல்லை என்கிறார் (லூக்கா 13). நடப்பதெல்லாம் நமக்கு வந்த கடிதம் அல்ல.

அப்புறம், அவருடைய உவமைகளைக் கவனியுங்கள். பத்து வெள்ளிக்காசில் ஒன்றைத் தொலைத்தவள் விளக்கைக் கொளுத்துகிறாள், வீட்டைப் பெருக்குகிறாள், தேடுகிறாள். இன்னொருத்தி மூன்று படி மாவில் புளித்த மாவை அடக்கி வைக்கிறாள். அந்த வேலை அந்த வேலையாகவே இருக்கிறது. பாடம் சொல்வதற்காக யாரும் பெருக்கவில்லை! நாம்தான் பாடத்தை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்கேற்ற சம்பவத்தைத் தேடுகிறோம். வலிந்து சொல்வதாகத் தோன்றுவது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

எனக்கு உதவியது, 16ஆம் நூற்றாண்டில் இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் கற்றுக்கொடுத்த ஆன்ம சோதனை. நான் செய்வது, படுக்கும் முன் அந்த நாளை நன்றியோடு திரும்பிப் பார்ப்பது, அவ்வளவுதான். எங்கே எரிச்சல் வந்தது, எங்கே மனம் இளகியது என்று இரண்டு வரி குறித்து வைப்பேன். விளக்கம் எழுதமாட்டேன். சில வரிகளுக்கு மாதங்கள் கழித்துத்தான் அர்த்தம் பிடிபட்டது, பலவற்றுக்கு இன்னும் இல்லை.

சரி, இந்த வாரம் ஒன்றும் இல்லையென்றால் இல்லை என்றே சொல்லிவிடுங்கள். நான் இரண்டு முறை சொல்லியிருக்கிறேன். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.