நீங்கள் பார்த்தது எவ்வளவு?

கேள்வி: ஒரு விபத்து வழக்கில் என்னைச் சாட்சியாகச் சேர்த்திருக்கிறார்கள். நடந்ததில் பாதியைத்தான் பார்த்தேன். மீதியைக் கேட்டால் ‘தெரியாது’ என்று சொல்லலாமா? சாட்சி, சாட்சியம் இரண்டும் ஒன்றுதானா?

பதில்: சாட்சி நீங்கள். உறுதிமொழி எடுத்துக் கூண்டில் நின்று நீங்கள் சொல்வது சாட்சியம். கண்ணைக் குறிக்கும் ‘அக்ஷி’ என்ற வடசொல் சாட்சிக்குள் இருக்கிறது. பழந்தமிழில் சாட்சிக்குக் ‘கரி’ என்று பெயர். பொய்ச் சாட்சி ‘பொய்க்கரி’.

தாராளமாகத் தெரியாது என்று சொல்லுங்கள். பாதி பார்த்தவர் பாதியைச் சொன்னால் போதும்.

நானும் ஒருமுறை கூண்டில் நின்றிருக்கிறேன். அதுவும் விபத்து வழக்குதான். ‘கார் வேகமாக வந்தது’ என்றேன், மனதார நம்பித்தான். குறுக்கு விசாரணையில் வக்கீல், “எப்போது திரும்பிப் பார்த்தீர்கள் ஐயா?” என்றார். “சத்தம் கேட்டதும்” என்றேன். சத்தம் கேட்டபோது மோதல் முடிந்துவிட்டதே! கார் வந்ததை நான் பார்க்கவே இல்லை. நசுங்கிக் கிடந்த முன்பக்கத்தைப் பார்த்துவிட்டு வேகத்தை மனமே சேர்த்துக்கொண்டிருக்கிறது. அடிபட்டவரை அந்த ஓட்டுநரே ஓடிவந்து தூக்கியதை என் கண்ணால் பார்த்தேன். அதையும் அதன் பிறகு யாரும் நம்பிக் கேட்கவில்லை. இன்றும் எனக்கு அது உறுத்தல்.

1974இல் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பாமர் என்ற இரு உளவியலாளர்கள் மாணவர்களுக்குக் கார் விபத்துப் படம் ஒன்றைக் காட்டினார்கள். ‘இடித்தபோது என்ன வேகம்?’ என்று 50 பேரிடமும், ‘நொறுங்க மோதியபோது என்ன வேகம்?’ என்று வேறு 50 பேரிடமும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்ததாக முதல் அணியில் 7 பேரும் இரண்டாம் அணியில் 16 பேரும் சொன்னார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது. கேட்ட சொல்லே நினைவில் புகுந்துவிட்டது. அதனால் மற்ற சாட்சிகளோடு நீங்கள் பார்த்ததைப் பேசிப் பார்க்காதீர்கள்.

பக்கத்தில் நின்றவர் சொன்னதை உங்கள் கூற்றாகச் சொல்லாதீர்கள். அவரைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டுமானால் அவரே வரவேண்டும்.

அன்றாட வாழ்க்கையில் இவ்வளவு கெடுபிடி இல்லை, இருக்கவும் முடியாது. நம் பிறந்த தேதியே பிறர் சொல்லித்தானே நமக்குத் தெரியும்? ‘நியாயம்’ என்ற பழைய இந்தியத் தத்துவப் பிரிவு, நம்பத் தகுந்தவர் சொல்லை அறிவுக்கான நான்கு வழிகளில் ஒன்றாகவே வைத்திருக்கிறது. ஆனால் ஒருவரைப் பற்றி ‘எல்லாரும் சொல்கிறார்கள்’ என்று பேச்சு வந்தால், ‘நீங்கள் பார்த்தீர்களா?’ என்று வீட்டிலும் கேட்கலாம். நான் கேட்கிறேன்.

எங்கே நின்றீர்கள், எதனால் திரும்பினீர்கள், முதலில் கண்ணில் பட்டது என்ன என்பதை இன்றே தேதியிட்டு எழுதி வையுங்கள். எழுதியது பற்றி உங்களைச் சாட்சியாக அழைத்த வக்கீலிடமும் சொல்லிவிடுங்கள்.