ஊர் பேசியதை நாடகமாக்கும்போது

கேள்வி: சென்னையில் சிறிய நாடகக் குழு ஒன்றை நடத்துகிறோம். தென்மாவட்டக் கிராமம் ஒன்றில் சாதி வெறியால் இளைஞர் ஒருவர் கொல்லப்பட்டார். அவ்வூர் மக்களைச் சந்தித்து, அவர்கள் சொன்ன சொற்களைக் கொண்டே ஆவண நாடகம் ஒன்றை உருவாக்க விரும்புகிறோம். கொலைக் காட்சியில் தொடங்க எண்ணியிருக்கிறோம். வழக்கு இன்னும் நடக்கிறது. பெயர்களை மாற்றினால் போதுமா?

பதில்: முதலில் அந்தக் கொலைக் காட்சியை விட்டுவிடுங்கள். அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்து லாரமி நகரில், தன்பால் ஈர்ப்பாளரான மாத்யூ ஷெப்பர்டு என்ற 21 வயது மாணவர் 1998 அக்டோபரில் கொடூரமாகத் தாக்கப்பட்டு உயிரிழந்தார். அடுத்த மாதமே மோய்சஸ் காஃப்மனின் டெக்டானிக் நாடகக் குழு அங்கு சென்றது. 200-க்கும் மேற்பட்ட நேர்காணல்களிலிருந்து உருவாகி, 2000-இல் டென்வர் நகரில் அரங்கேறிய ‘தி லாரமி ப்ராஜெக்ட்’ நாடகத்தில் ஷெப்பர்டு ஒரு பாத்திரமாக வருவதே இல்லை. மதுக்கூடத்தில் வேலை செய்தவர், காவலர், மதகுரு, மருத்துவர் என 60-க்கும் மேற்பட்டோராக எட்டு நடிகர்கள் மாறி மாறிப் பேசுகிறார்கள். தங்கள் ஊரில் இப்படி நடக்காது என்று நம்பியிருந்தவர்கள் அந்த நம்பிக்கையோடு மல்லாடுவதே நாடகமாகிறது.

குழுவினர் தம் நாட்குறிப்புகளையும் அதில் சேர்த்தார்கள் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். “எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை?” என்று கிராமத்தில் உங்களிடம் கேட்கப்படும்போது, அக்கேள்வி எதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறது என்பது உங்களுக்கே தெரியும். அதையும், பேச மறுத்துக் கதவைச் சாத்தியவர்களையும் மேடைக்குக் கொண்டுவாருங்கள். ஆதிக்கச் சாதியினரின் பேச்சும் இடம்பெறத்தான் வேண்டும். ஆனால் இரு தரப்புக்கும் சம நேரம் என்று கணக்குப் பார்ப்பது நடுநிலை ஆகாது.

பெயரை மாற்றுவது மட்டும் போதாது. “பேருந்து நிறுத்தத்து டீக்கடைக்காரர்” என்றாலே ஊருக்கு ஆள் தெரிந்துவிடும் என்பதால், தொழில், வயது, உறவுமுறை ஆகியவற்றையும் மாற்றி, மாற்றியிருப்பதை மேடையிலேயே அறிவித்துவிடுங்கள். பாலியல் வன்கொடுமையும் நிகழ்ந்திருந்தால், பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவதை, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவு தடை செய்கிறது.

வழக்கின் சாட்சிகளிடம் சம்பவத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். உங்கள் ஒலிப்பதிவை நீதிமன்றம் கேட்கக்கூடும். அதற்கும் சாட்சியத்துக்கும் இடையே உள்ள ஒரு சிறு முரண்பாடுகூடக் குறுக்கு விசாரணையில் கொல்லப்பட்டவரின் குடும்பத்துக்கு எதிராகத் திரும்பலாம். எனவே குடும்பத்தின் வழக்கறிஞரைக் கலந்துகொண்ட பிறகே பயணத்தைத் திட்டமிடுங்கள்.

உங்களிடம் பேசியவர்களின் ஒப்புதலை இருமுறை பெறுங்கள்: பதிவுக்கு முன் ஒருமுறை, பிரதியில் தம் பகுதியை அவர்கள் படித்த அல்லது படிக்கக் கேட்ட பின் மறுமுறை. எழும்பூர் மியூசியம் தியேட்டரில் அரங்கேற்றுவதற்கு முன்பே குடும்பத்தினருக்கு முழுப் பிரதியையும் வாசித்துக் காட்டிவிடுங்கள். அவர்கள் நீக்கச் சொல்லும் வரி, ஒத்திகையில் எத்தனை சிறப்பாக அமைந்திருந்தாலும், நீக்கப்பட வேண்டியதே.